கார்மின் ஃபோர்ரன்னர் 255: ஓடுகிறவருக்கு ஐந்து பட்டன்தான் வசதி

ஸ்போர்ட்ஸ் வாட்ச் பற்றி எழுதுகிறவர்கள் பேட்டரி எத்தனை நாள் நிற்கிறது, ஜி.பி.எஸ் எவ்வளவு துல்லியம், நாடித்துடிப்பைச் சரியாகக் காட்டுகிறதா என்று நன்றாக அலசுகிறார்கள். ஓடிக்கொண்டே இருக்கிற ஒருவர் அந்த வாட்சை வேலை வாங்க முடிகிறதா என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வி. அதனால் கார்மின் ஃபோர்ரன்னர் 255 பற்றிய இந்த விமர்சனத்தில் பெரும்பகுதி பட்டன்களைப் பற்றித்தான் இருக்கும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் சொல்வது யாருக்குப் பொருந்தும் என்று தெரியும். சென்னையில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, வெள்ளெழுத்தும் வந்துவிட்டது. படிக்கக் கண்ணாடி வேண்டும், ஆனால் ஓடும்போது அதைப் போட்டுக்கொள்ள முடியாது. வியர்வையில் மூக்கிலிருந்து வழுக்கும், ஆவி படியும். விடிவதற்கு முன்பே எலியட்ஸ் கடற்கரையில் கிளம்பி திருவான்மியூர் பக்கம் போய்த் திரும்புவது வழக்கம். வாரத்தில் ஒரு நாள் டிராக்கில் இன்டர்வல், அதாவது வேகமாக ஓடி, கொஞ்சம் ஓய்வெடுத்து, மறுபடி ஓடும் பயிற்சி. முழுக்கை டி-சட்டை போட்டுத்தான் ஓடுவேன். சென்னையின் புழுக்கத்தில் வியர்வை முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும், அங்கிருந்து விரல் நுனிக்கும் வழிந்துகொண்டே இருக்கும்.

ஈர விரல், மங்கலான எழுத்து, இருட்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு. இந்த நாலும் சேர்ந்த நிலைமையில் ஒரு வாட்ச் என் பேச்சைக் கேட்க வேண்டும்.

2022-ல் வந்த மாடல் இது. தொடுதிரை கிடையாது. இடப்பக்கம் மூன்று பட்டன், வலப்பக்கம் இரண்டு. இடப்பக்கம் மேலே இருப்பது லைட். நடுவில் இருப்பது ‘மேலே’, அதற்குக் கீழே இருப்பது ‘கீழே’. வலப்பக்கம் மேலே ஸ்டார்ட்-ஸ்டாப். அதற்குக் கீழே இருப்பது பேக் பட்டன், ஓடும்போது அதுவே லேப், அதாவது ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் தனியாகப் பதியும் பட்டன். எடை 49 கிராம். மெலிந்த மணிக்கட்டு உள்ளவர்களுக்கு 255எஸ் என்று 39 கிராமில் சின்னது ஒன்றும் இருக்கிறது. பட்டன் அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

வாட்சை இடது கையில் கட்டியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப் பதிய வேண்டுமானால் வலது கையின் ஆள்காட்டி விரல் வலப்பக்கக் கீழ்ப் பட்டனுக்குப் போகும், கட்டைவிரல் எதிர்ப்பக்கம் அண்டை கொடுக்கும். கட்டைவிரல் பட்டன் மேல் உட்காராமல், நடுப் பட்டனுக்கும் கீழ்ப் பட்டனுக்கும் இடையில் இருக்கும் வெற்று விளிம்பில் நிற்க வேண்டும். இதை விரல் பழகிவிட்டால் அப்புறம் கண்ணுக்கு வேலையே இல்லை. பட்டன் உள்ளே போவது விரலுக்குத் தெரியும். உடனே வாட்ச் ஒருமுறை அதிரும், பீப் என்று சத்தமும் வரும். சொன்ன வேலை நடந்துவிட்டது என்பதற்கு மூன்று சாட்சி. தலையைக் குனியவும் வேண்டாம், ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்கவும் வேண்டாம்.

இதன் அருமை எனக்குப் புரிவதற்குக் காரணம் ஸ்டாப்வாட்ச். குறுவட்டப் போட்டிகளில் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று நேரம் எடுத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், கையால் நேரம் எடுப்பது முழுக்கக் கட்டைவிரலின் வேலை. துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருக்கக் கூடாது, அதன் புகையைப் பார்த்து அழுத்த வேண்டும் என்று பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் துப்பாக்கியின் சத்தம் நம் காதுக்கு வந்துசேர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். நல்ல டைம்கீப்பர் புகைக்கு முன்பே பட்டனின் தளர்வை விரலால் எடுத்துவைத்திருப்பார். இன்னும் மயிரிழை அழுத்தினால் ஓடத் தொடங்கிவிடும் என்கிற நிலையில் கட்டைவிரல் நிற்கும். இத்தனைக்கும் பிறகு, கையால் எடுத்த நேரத்தை அடுத்த பத்தில் ஒரு விநாடிக்கு ஏற்றித்தான் எழுத வேண்டும் என்பது விதி. 13.21 வந்தால் 13.3 என்று எழுத வேண்டும். மனித விரலின் தாமதத்தை விதியே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

அப்படிப் பழகிய விரலிடம் ஒரு வழவழப்பான கண்ணாடியைக் கொடுத்து “இதைத் தட்டு” என்றால் அதற்கு ஒன்றும் புரியாது. கண்ணாடியில் தளர்வு எடுக்க இடமில்லை. தொட்டது பதிந்ததா என்பது பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு முன்பு வேறொரு கம்பெனியின் வாட்ச் கட்டியிருந்தேன், பெயர் வேண்டாம். முழுக்க டச். வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது அழகாக இருந்தது. மழைக்காலம் ஒன்றில், தூறலில் ஓடிக்கொண்டிருந்தபோது நனைந்த சட்டைக்கை திரையின் மேல் உரசி ஓட்டப் பதிவைத் தானாகவே நிறுத்திவைத்துவிட்டது. தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தால் அடையாறு பக்கம் ஓடிய தூரத்தில் பெரும்பகுதியைக் காணோம். இன்னொரு நாள் டிராக்கில் லேப் பதியத் தட்டினால் திரை பக்கவாட்டில் நகர்ந்தது, மறுபடி தட்டினால் வேறு பக்கம் வந்தது. அதற்குள் அடுத்த வளைவில் பாதி தூரம் போயாயிற்று.

அந்த வாட்சில் பழுது ஏதுமில்லை, அது செய்யப்பட்ட விதமே அப்படி. இந்தத் தொடுதிரைகள் எல்லாம் மெல்லிய மின்புலத்தை வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன. விரல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதால், அது தொட்ட இடத்தில் அந்தப் புலம் மாறும். அதை வைத்துத்தான் திரை விரலைக் கண்டுபிடிக்கிறது. வியர்வை உப்புத் தண்ணீர், அதுவும் நன்றாகக் கடத்தும். ஒரு சொட்டு விழுந்து படர்ந்தால் அது விரலா தண்ணீரா என்று திரைக்குத் தெரியாது. ஈரத் துணிக்கும் அதே கதை. இதனால்தான் ஆப்பிள் வாட்சில் நீச்சல் தொடங்கியதும் ‘வாட்டர் லாக்’ தானாக விழுந்து திரையைப் பூட்டிவிடுகிறது. பக்கத்திலுள்ள கிரவுன் என்கிற திருகை அழுத்திப் பிடித்தால்தான் பூட்டு திறக்கும். தண்ணீருக்குள் டச் நம்பகமில்லை என்பது அதைச் செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. சென்னையில் மே மாதம் ஓடுகிறவர் கிட்டத்தட்டத் தண்ணீருக்குள்தான் ஓடுகிறார்.

சரி, 255-க்கு வருவோம். மெனுவில் போய்வருவது எப்படி இருக்கிறது?

பட்டன் மெனுவின் பெரிய பலம், அதை எண்ணிப் பழகலாம் என்பதுதான். ஓட்டம் பட்டியலில் முதலாவதாக இருந்தால், ஸ்டார்ட் ஒருமுறை அழுத்தினால் பட்டியல், இரண்டாவது முறை அழுத்தினால் ஓட்டத் திரை. ஜி.பி.எஸ் பச்சையானதும் மூன்றாவது அழுத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும். மூன்றும் ஒரே பட்டன், விரலை எடுக்கவே வேண்டாம். முடிக்கும்போது ஸ்டார்ட்-ஸ்டாப், கீழே, மறுபடி ஸ்டார்ட். நின்றது, சேமித்தாயிற்று. இதை நான் படிக்கவே இல்லை, விரல் தானாகச் செய்கிறது. பட்டியல்கள் வட்டமாகச் சுழலும் என்பதும் பெரிய உதவி. முதல் வரியில் நின்று ‘மேலே’ அழுத்தினால் கடைசி வரிக்குப் போய்விடலாம். அடியில் இருக்கும் சிஸ்டம் அமைப்புகளுக்கு மேலிருந்து தட்டிக்கொண்டே இறங்க வேண்டியதில்லை.

திரையின் ஓரத்தில், எந்தப் பட்டனை அழுத்தினால் வேலை நடக்குமோ அதற்கு நேராக ஒரு சின்ன வில் கோடு தெரியும். புதிதாக வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

குறை இல்லாமல் இல்லை. மெயின் மெனுவுக்குப் போக ‘மேலே’ பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். லைட்டை அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோல் மெனு வரும், பட்டன்களைப் பூட்டும் வசதி அதற்குள்தான் இருக்கிறது. ஒரே பட்டனுக்கு இரண்டு வேலை என்பதைப் பக்கத்திலிருக்கும் யாராவது சொன்னால்தான் தெரியும். கையேட்டைப் படிக்கிறவர்கள் குறைவு. எங்கள் குழுவில் ஒரு தம்பி வாங்கிய புதிதில், “டீச்சர், இதுல செட்டிங்ஸே கிடையாதா?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கார்மின் இதை வாட்சின் முதல் அறிமுகத்திலேயே இன்னும் அழுத்தமாகக் காட்ட வேண்டும்.

இன்னொன்று, அமைப்புகள் ஆழத்தில் கிடக்கின்றன. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை தானாக லேப் பதியும் ஆட்டோ லேப்பை அணைக்க வேண்டுமென்றால் ஸ்டார்ட் அழுத்தி, ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ‘மேலே’யை அழுத்திப் பிடித்து, ஓட்டத்துக்கான அமைப்புகளுக்குள் போய், அங்கே லேப் என்பதைத் தேடி, அதற்குள் இன்னொரு படி இறங்க வேண்டும். இதை ஓடும்போது செய்ய நினைக்கவே கூடாது. முந்தின இரவு, கண்ணாடி போட்டுக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. அப்படிச் செய்துவைத்துவிட்டால் காலையில் பட்டன் மூன்று மட்டுமே மிச்சம்.

டிராக்கில் இன்டர்வல் ஓடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதில் ‘டிராக் ரன்’ என்று தனி முறை இருக்கிறது, நீங்கள் ஓடும் லேன் எண்ணையும் கொடுக்கலாம். வெளி லேனில் ஓடினால் ஒரு சுற்று 400 மீட்டரைத் தாண்டும் என்பது பிள்ளைகளுக்குக் கோடு போடுகிற எங்களுக்குத் தெரியும், வாட்சுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். அப்புறம், பயிற்சியைப் போனில் கார்மின் கனெக்ட் செயலியில் எழுதி வாட்சுக்கு அனுப்பிவிடலாம். இத்தனை சுற்று, நடுவில் இவ்வளவு ஓய்வு என்று எழுதி அனுப்பினால் அதுவே அதிர்ந்து அதிர்ந்து அடுத்த கட்டத்துக்குக் கூட்டிப்போகும். ஓய்வு போதும் என்று தோன்றினால் லேப் பட்டனை ஒருமுறை அழுத்தினால் அடுத்த சுற்று. நீண்ட பட்டியலை நிரப்பும் வேலையைப் போனின் பெரிய திரைக்கு விட்டுவிட்டு, “இப்போது” என்று சொல்லும் வேலையை மட்டும் பட்டனிடம் வைத்துக்கொள்வது. இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

திரையைப் பற்றி ஒரு வார்த்தை. பளபளப்பான அமோலெட் கிடையாது. வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும் பழைய மாதிரித் திரைதான், இருட்டில் லைட் பட்டன் வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டே தகவல் வைத்திருக்கிறேன், தூரமும் பேஸும் (ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்). வெள்ளெழுத்து உள்ளவர்கள் இதைச் செய்யுங்கள். எண்கள் பெரிதாக வரும், கண்ணாடி வேண்டாம்.

மற்ற வழிகளையும் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஃபோர்ரன்னர் 265, 2023-ல் வந்தது. அதே ஐந்து பட்டன், கூடவே அமோலெட் தொடுதிரை. எடையும் இரண்டு கிராம் குறைவு. ஜி.பி.எஸ் போட்டு ஓடினால் 255-க்கு 30 மணி நேரம், 265-க்கு 20 மணி நேரம் என்று கம்பெனி கணக்குச் சொல்கிறது. மாரத்தான் ஓடுகிறவருக்கு இரண்டுமே தாராளம். 265 வைத்திருக்கும் என் தோழிக்கு நான் சொன்னது ஒன்றுதான்: ஓடும்போது டச்சை அணைத்துவைத்துவிடு. அந்த வசதி மெனுவிலேயே இருக்கிறது. அணைத்த பிறகு அது என் வாட்ச்தான். வீட்டுக்கு வந்து தூக்கம், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க அவளுக்கு அது பிடித்திருக்கிறது, எனக்கும் பார்க்க நன்றாக இருந்தது. வரைபடத்தை நகர்த்துவதற்கும் டச்தான் வசதி, அதில் வாதமே இல்லை. ஆனால் 255-லும் 265-லும் முழு வரைபடம் கிடையாது, போகும் பாதை ஒரு கோடாகத்தான் தெரியும்.

கோரோஸ் கம்பெனியின் பேஸ் 3 வாட்ச் வேறு வழியில் போகிறது. ஒரு திருகு, ஒரு பட்டன், தொடுதிரை. திருகினால் பட்டியல் ஓடும், அழுத்தினால் தேர்வாகும், கீழே இருக்கும் பட்டன் லேப். துணிப் பட்டையோடு 30 கிராம்தான், கட்டியிருப்பதே தெரியாது. திரை தானாகப் பூட்டிக்கொள்வதும் நல்ல யோசனை. எனக்கு உள்ள தயக்கம் திருகில்தான். பட்டனை மூன்று முறை அழுத்தினால் மூன்று வரி, அதில் சந்தேகமில்லை. திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் எத்தனை வரி நகர்ந்தது என்று பார்த்தால்தான் எனக்குத் தெரிகிறது. பார்க்க முடிகிறவர்களுக்கு அது வேகமான வழி. நீண்ட பட்டியலில் கீழ்ப் பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பதைவிட ஒரு சுழற்று மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆப்பிள் வாட்சின் கிரவுனும் அப்படித்தான், ஆனால் சுழற்றும்போது விரலுக்குச் சின்னச் சின்னத் துடிப்புக் கொடுக்கிறது. நன்றாகச் செய்யப்பட்ட பொருள். ஓட்டத்தை நிறுத்திவைக்கக் கிரவுனையும் பக்கப் பட்டனையும் ஒன்றாக அழுத்தலாம், இதைப் பலர் தெரிந்துவைத்திருப்பதில்லை. 2022-ல் வந்த அல்ட்ராவில் ஆரஞ்சு வண்ணத்தில் தனியாக ஓர் ஆக்‌ஷன் பட்டனே வைத்தார்கள். ஃபிட்பிட்டின் கதையும் இதேதான். 2020-ல் வந்த சென்ஸில் பட்டன் இருந்த இடத்தில் உள்ளே போகாத, அழுத்தத்தை மட்டும் உணரும் ஒரு பள்ளம் இருந்தது. 2022-ல் சென்ஸ் 2 வந்தபோது நிஜப் பட்டன் திரும்பி வந்தது. சாம்சங்கும் 2023-ல் வாட்ச் 6 கிளாசிக்கில் சுழலும் வளையத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. விரலுக்குப் பிடிமானம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லோருக்கும் பட்டன்தான் என்று சொல்லிவிட முடியாது. என்னோடு வேலை பார்க்கும் தமிழ் டீச்சருக்குக் கட்டைவிரல் மூட்டில் தேய்மானம். என் வாட்சின் ‘மேலே’ பட்டனை அழுத்திப் பிடிப்பது அவருக்கு வலித்தது. அவர் மாலையில் நடைப்பயிற்சி மட்டும் செய்கிறவர், நின்று நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கிறது. அவருக்கு டச் உள்ள வாட்சைத்தான் சொன்னேன். சந்தோஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். தண்டால் எடுக்கிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணிக்கட்டு பின்னால் மடங்கும்போது புறங்கை வலப்பக்கப் பட்டனை அழுத்திவிடலாம். கிரவுன் உள்ள வாட்சிலும் அதே தொந்தரவுதான். அந்த நேரத்துக்கு வாட்சை விரல் இரண்டு அகலம் மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டால் சரியாகிவிடும்.

பராமரிப்பு எளிது. ஓடிவிட்டு வந்ததும் குழாயில் நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றிவிடுங்கள். உப்புத் தண்ணீர், குளோரின், சன்ஸ்கிரீன் பட்டால் அலசச் சொல்லிக் கையேடும் சொல்கிறது. கடற்கரைக் காற்றில் ஓடுகிறவர்களுக்கு வியர்வை உப்பும் கடல் உப்பும் சேர்ந்து பட்டனின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். அலசும்போதே ஐந்து பட்டனையும் விரலால் தடவிவிட்டால் அது தங்காது. வாட்ச் 50 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்று தரம் பெற்றது, குழாய்த் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது.

255-க்குப் பிறகு புதிய மாடல்கள் வந்துவிட்டன. கடைக்காரர் முதலில் அவற்றைத்தான் எடுத்துவைப்பார். நீங்கள் என்னைப்போல டிராக்கிலும் ரோட்டிலும் ஓடுகிறவர் என்றால், டச் இருக்கிறதோ இல்லையோ, ஐந்து பட்டனும் இருக்கும் வாட்சை வாங்குங்கள். ஓட ஆரம்பிக்கிறவர்களுக்கும் பணத்தைப் பார்த்துச் செலவழிக்கிறவர்களுக்கும் ஃபோர்ரன்னர் 55 போதும், அதிலும் இதே ஐந்து பட்டன், 37 கிராம். கடையில் பார்க்கும்போது திரையின் அழகை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் கேட்டு விரலை நனைத்துக்கொண்டு, கண்ணை வேறு பக்கம் திருப்பி, தொடங்கவும் லேப் பதியவும் நிறுத்தவும் முடிகிறதா என்று செய்து பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை.